பருமனான நோயாளிகளுக்கு டியூப் போட எந்த லாரிஞ்சோஸ்கோப்? – நாகர்கோவில் ஆபரேஷன் தியேட்டர் அனுபவம்

மயக்கம் கொடுத்தபின் மூச்சுக்குழலுக்குள் சுவாசக் குழாய் (டியூப்) போட, நாக்கை விலக்கிக் குரல்நாண்களைக் காட்டும் கருவிதான் லாரிஞ்சோஸ்கோப். அதில் வாய்க்குள் நுழையும் பகுதி பிளேடு. நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணராகப் பணிபுரியும் நான், சாதாரண மெக்கின்டோஷ் லாரிஞ்சோஸ்கோப், அதே வளைவுள்ள பிளேடு பொருத்திய வீடியோ லாரிஞ்சோஸ்கோப் (பிளேடில் உள்ள கேமராவின் படத்தைத் திரையில் காட்டுவது), அதிக வளைவுள்ள பிளேடு கொண்ட வீடியோ லாரிஞ்சோஸ்கோப் ஆகிய மூன்றையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன்.

பருமனானவர்கள் மல்லாந்து படுத்ததும் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளி, நுரையீரலின் ஆக்சிஜன் இருப்பைக் குறைத்துவிடுகிறது. மூச்சை நிறுத்தும் தசைத்தளர்வு மருந்துக்குப் பின் சாச்சுரேஷன் (இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு) மளமளவென இறங்குவது இதனால்தான். ஆகவே, திரையில் படம் எவ்வளவு தெளிவு என்பதைவிட, டியூப் எவ்வளவு விரைவாக உள்ளே போகிறது என்பதை வைத்தே நான் கருவியை மதிப்பிடுகிறேன்.

அதிக வளைவுள்ள பிளேடு இந்த அளவுகோலில்தான் சறுக்குகிறது. குரல்நாண்கள் திரை நிறையத் தெரியும். டியூபோ மூச்சுக்குழலின் முன்சுவரில் முட்டி நின்றுவிடும். பிளேடின் வளைவுக்கேற்ப வளைத்த ஸ்டைலெட் (டியூபுக்கு வடிவம் தர அதற்குள் நுழைக்கும் கம்பி) கட்டாயம் தேவை. டியூபின் நுனி குரல்நாண்களைத் தொட்டதும் ஸ்டைலெட்டைச் சற்று வெளியே இழுத்துவிட்டுத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். பிளேடைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் காட்சி சுமாராகும், ஆனால் வழி நேராகும். டியூபை வாய்க்குள் நுழைக்கும்போது பார்வை திரையில் இருக்கக் கூடாது, மேலண்ணம் கிழிந்துவிடும்.

மெக்கின்டோஷ் வளைவுள்ள வீடியோ பிளேடே என் அன்றாடத் தேர்வு. பூஜியுடன் (டியூபுக்கு வழிகாட்ட முதலில் செலுத்தும் மெல்லிய, வளையும் குச்சி) எளிதில் இணங்கும். இரத்தமோ எச்சிலோ கேமராவை மறைத்தாலும் நேரடியாகக் கண்ணால் பார்த்துப் போட்டுவிடலாம். முன்கூட்டியே ஆன் செய்து வைத்தால் பனி படர்வதும் குறைவு.

சாதாரண மெக்கின்டோஷை நான் ஒதுக்கிவிடவில்லை. மடித்த பெட்ஷீட்டுகளைத் தோளுக்கும் தலைக்கும் அடியில் அடுக்கி, காதுத் துளையும் மார்பெலும்பின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்துக்கு வரும்படி படுக்க வைத்தால், பருமனானவர்கள் பலருக்கு அதுவே போதும். இதற்கெனத் தனித் தலையணைகள் விற்பனைக்கு உண்டு. பெட்ஷீட் செய்யாத எதையும் அவை செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. மார்பு பெருத்த பெண்களுக்குக் குட்டைக் கைப்பிடி தேவை. நீளக் கைப்பிடி நெஞ்சில் இடித்து, பிளேடு வாய்க்குள் நுழையாது.

எடையைவிடக் கழுத்தின் சுற்றளவையே நான் அதிகம் பார்க்கிறேன். 40 செ.மீ.யைத் தாண்டிய கழுத்தோடு குறட்டையும் மூச்சுத் திணறலுமாகத் தூங்குபவர் என்றால், அதிக வளைவுள்ள பிளேடும் ஸ்டைலெட்டும் கையெட்டும் தூரத்தில் இருக்கும். வெற்றிலையும் பாக்கும் போட்டு வாய் இறுகி இரண்டு விரல்கூட நுழையாத நிலையில் வருபவர்களும் நம் மாவட்டத்தில் உண்டு. அவர்களுக்கு இம்மூன்றில் எதையும் நான் கையில் எடுப்பதில்லை. விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப் (உள்ளே பார்க்க உதவும் மெல்லிய, வளையும் கருவி) மூலம்தான் டியூப் போடுகிறேன்.