ஒரு டிஸ்க் வழிகிறது, பக்கத்து டிஸ்க் காலி: பேக்கப் சர்வருக்கு எது தோது?

கும்பகோணத்தில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோ என்று வைத்துக்கொள்வோம். பேக்கப் சர்வரில் 4 டிபி டிஸ்க் இரண்டு இருந்தன. இடம் போதாமல் அப்புறம் ஒரு 8 டிபி வாங்கிச் சேர்த்தார்கள். ஆவணி முகூர்த்தங்கள் முடிந்து ஃபுட்டேஜ் வந்து குவிந்ததும், இடமில்லை என்று பேக்கப் நின்றுபோகிறது. பார்த்தால் பழைய இரண்டும் நிரம்பிக் கிடக்கின்றன, புதியது கிட்டத்தட்ட காலி. டெல்டா ஊர்களில் ஸ்டுடியோ, ரத்தப் பரிசோதனை லேப், அரிசி ஆலை அலுவலகம் எதுவானாலும் சர்வர் வளர்வது இப்படித்தான். கையில் காசு வரும்போது ஒரு டிஸ்க், கடையில் எந்த அளவு இருக்கிறதோ அந்த அளவு. இந்தப் பழக்கத்துக்கு எது ஈடுகொடுக்கும் என்பதை வைத்துத்தான் பல டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக ஆள உதவும் மென்பொருள்களான பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ், மெர்ஜர்எஃப்எஸ் மூன்றையும் இங்கே எடைபோடுகிறேன்.

அதற்கு முன் ஒரு போலி நோயை விலக்கிவிட வேண்டும். கரண்ட் போய் வந்த பிறகு ஒரு டிஸ்க் மவுன்ட் ஆகாமல், அதாவது தனக்கான ஃபோல்டரோடு இணையாமல், நின்றிருக்கும். அந்தக் காலி ஃபோல்டருக்குள்ளேயே பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதித் தள்ளும். ஓஎஸ் இருக்கிற டிஸ்க் நிரம்பும், பேக்கப் டிஸ்க் சும்மா இருக்கும். 'ஃபைண்ட்மவுன்ட்' கட்டளையை ஒருமுறை ஓட்டினால் தெரிந்துவிடும். மவுன்ட் ஆகாத நிலையில் அந்த ஃபோல்டருக்கு 'சிஎச்அட்டர் பிளஸ் ஐ' என்ற பூட்டைப் போட்டு வைத்தால், அடுத்த முறை ஸ்கிரிப்ட் அங்கே எழுத முடியாமல் பிழை காட்டி நிற்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். அதேபோல் ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் 'டியு' ஒரு கணக்கும், டிஸ்க்கில் நிரம்பிய இடத்தைச் சொல்லும் 'டிஎஃப்' இன்னொரு கணக்கும் சொன்னால், அழித்த ஃபைலை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கலாம், அல்லது பழைய ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையை அப்படியே உறையவைத்த பதிவு) இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

சரி, இனி நிஜமான ஏற்றத்தாழ்வு.

பிடிஆர்எஃப்எஸ்ஸில் டேட்டா பெரும்பாலும் 1 ஜிபி துண்டுகளாக ஒதுக்கப்படும். ரெய்டு 1 என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பிரதிகள். இரண்டும் வெவ்வேறு டிஸ்க்கில் இருந்தாக வேண்டும். புதிய துண்டு ஒதுக்கும்போது எந்த டிஸ்க்குகளில் ஒதுக்காத இடம் அதிகமோ அவற்றை அதுவே தேர்ந்தெடுக்கும். நம் ஸ்டுடியோ சர்வரில் இது எப்படி நடக்கும்? 4-ம் 4-ம் முழுக்க நிரம்பிய பிறகு 8 சேர்த்தால், 8 டிபி காலியாக இருந்தும் புதிதாக ஒரு துண்டுகூட ஒதுக்க முடியாது. முதல் பிரதிக்கு இடம் உண்டு, இரண்டாவது பிரதிக்கு வேறு டிஸ்க் இல்லை. 'இவ்வளவு காலியாக இருக்கிறதே, ஏன் ஏறமாட்டேன் என்கிறது?' என்று ஆள் குழம்பிப்போவது இங்கேதான்.

தீர்வு 'பேலன்ஸ்'. துண்டுகளைத் திரும்ப எழுதவைத்தால், உள்ளே இருக்கிற 4 டிபி டேட்டா, 8-ல் 4, பழைய டிஸ்க் ஒவ்வொன்றிலும் 2 என்று பரவும். அதற்குமேல் இன்னொரு 4 டிபி எழுதலாம். ஆக மொத்தம் பயன்படுத்தக்கூடியது 8 டிபி, ஒரு அங்குலமும் வீண் இல்லை. ஆனால் ஒரு சிக்கல்: பேலன்ஸ் செய்வதற்கே இரண்டு டிஸ்க்கில் கொஞ்சமாவது ஒதுக்காத இடம் வேண்டும். பழையவை விளிம்புவரை போய்விட்டால் பேலன்ஸும் அதே பிழையோடு நிற்கும். அப்போது பழைய ஸ்னாப்ஷாட் சிலவற்றை அழித்து, எத்தனை சதவீதம் வரை நிரம்பிய துண்டுகளைத் தொடலாம் என்று சொல்லும் 'டியூசேஜ்' வடிகட்டியை 0, அப்புறம் 5, 10 என்று ஏற்றிக்கொண்டே ஓட்டினால், காலியாகக் கிடக்கும் துண்டுகள் முதலில் விடுபட்டு வழி பிறக்கும். டிஸ்க் சேர்ப்பதாக இருந்தால் நிரம்புவதற்கு முன் சேர்த்துவிட வேண்டும், சேர்த்த கையோடு பேலன்ஸை ஓட்டிவிட வேண்டும். 'பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ்' காட்டும் பட்டியலில் கடைசியாக வரும் 'அன்அலொகேட்டட்' (ஒதுக்காத இடம்) பகுதியைப் பாருங்கள். 'டிஎஃப்' எண்ணை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

பல டிபி பேலன்ஸ் ஒரு ராத்திரியில் முடிகிற வேலை அல்ல. நம் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். கஜா அடித்த 2018 நவம்பரில் நாகை, திருவாரூர் கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. இந்த விஷயத்தில் பிடிஆர்எஃப்எஸ் நல்ல பிள்ளை: பேலன்ஸை நடுவில் நிறுத்தி வைக்கலாம், மெஷின் அணைந்து மீண்டும் எழுந்தால் மவுன்ட் ஆனதும் விட்ட இடத்திலிருந்து தானே தொடரும். ரெய்டு 5, 6 பக்கம் மட்டும் போக வேண்டாம். அதை உருவாக்குகிறவர்களே முக்கியமான டேட்டாவுக்குப் பரிந்துரைப்பதில்லை.

இசட்எஃப்எஸ் குணம் வேறு. 4-ம் 4-ம் ஒரு மிரர் ஜோடி, ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருக்கும். அதோடு 8-ஐத் தனியாகச் சேர்க்கப் போனால், பொருந்தவில்லை என்று கட்டளை தடுக்கும். கட்டாயப்படுத்திச் சேர்த்துவிட்டால், அந்த ஒற்றை டிஸ்க் போகிற அன்று மொத்த பூலும் (எல்லா டிஸ்க்கும் சேர்ந்த சேமிப்பு) போய்விடும். பேக்கப் சர்வரில் இந்த விஷப்பரீட்சை வேண்டாம். இன்னொரு 8 வாங்கி ஜோடியாகச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய 4-களை ஒவ்வொன்றாக 8-ஆக மாற்றி, கூடிய இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் 'ஆட்டோஎக்ஸ்பேண்ட்' போட்டுவிட வேண்டும். இரண்டாவது வழியில் ஏற்றத்தாழ்வு என்ற பேச்சே எழாது.

புது ஜோடி சேர்த்தால் பழைய டேட்டா இடம் மாறாது. 'இசட்பூல் லிஸ்ட் மைனஸ் வி' பார்த்தால் ஒரு மிரர் 90 சதவீதம், இன்னொன்று 5 என்று நிற்கும். பதற வேண்டியதில்லை. புதிதாக எழுதுவதெல்லாம் காலி அதிகமான பக்கமே கூடுதலாகப் போகும். பேக்கப்பில் பழைய ஸ்னாப்ஷாட்டுகள் காலாவதியாகி அழிந்துகொண்டே இருப்பதால், மாதக்கணக்கில் தானே சமமாகும். இதைச் சும்மா விடுவதுதான் சரியான வைத்தியம் என்பேன். அண்மைப் பதிப்புகளில் 'ரீரைட்' கட்டளை வந்திருக்கிறது. பழைய டேட்டாவை மாற்றமில்லாமல் புது இடத்தில் திரும்ப எழுதி இரண்டு ஜோடிக்கும் பரப்பிவிடும். ஆனால் ஸ்னாப்ஷாட்டுகள் பழைய பிளாக்குகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை, அதே டேட்டாவுக்கு இரண்டு மடங்கு இடம் போகும். சமன் செய்யப் போய் நிரப்பிவிட்ட கதையாகும்.

மெர்ஜர்எஃப்எஸ் தனித்தனி டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே ஃபோல்டராகக் காட்டும், அவ்வளவுதான். எந்த ஃபைல் எங்கே போகும் என்பதை அதன் 'கிரியேட் பாலிசி' தீர்மானிக்கிறது. வெகுகாலம் டிஃபால்டாக இருந்த 'ஈபிஎம்எஃப்எஸ்', ஃபோல்டர் ஏற்கெனவே எந்த டிஸ்க்கில் இருக்கிறதோ அங்கேதான் எழுதும். 'ஆவணி கல்யாணம்' ஃபோல்டர் முதல் டிஸ்க்கில் பிறந்துவிட்டால் அந்த மாத ஃபுட்டேஜ் முழுக்க அங்கேயே. தலைமடை வயலில் வரப்பு உடைய, கடைமடைக்குச் சொட்டுத் தண்ணீர் போகாத கதை. பாலிசியை 'எம்எஃப்எஸ்' அல்லது 'பிஎஃப்ஆர்டி' என்று மாற்றினால் இனி வருவது பரவும். இருப்பதை நகர்த்த 'மெர்ஜர்எஃப்எஸ் பேலன்ஸ்' என்று தனிக் கருவி உண்டு.

இதில் மறைந்திருக்கும் ஆபத்து ஹார்டு லிங்க், அதாவது ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர். காப்பி எடுக்கும் கருவியான ஆர்சிங்க்கின் 'லிங்க்-டெஸ்ட்' வழியில் தினசரி பேக்கப் எடுப்பவர்கள் நம்மிடம் அதிகம். மாறாத ஃபைலை அது நேற்றைய ஃபைலோடு இணைத்துவிடும், இடம் பிடிக்காது. ஆனால் ஹார்டு லிங்க் டிஸ்க் விட்டு டிஸ்க் தாண்டாது. இணைக்க முடியாதபோது ஆர்சிங்க் சத்தமில்லாமல் முழு ஃபைலையும் காப்பி எடுத்துவிடும். சமன் செய்கிறேன் என்று ஃபைல்களை நகர்த்தினால் இணைப்பு அறுந்து, ஒரே ஃபைல் பல இடங்களில் இடம் பிடிக்கும்.

பாதுகாப்புக்கு, செத்த டிஸ்க்கை மீட்க உதவும் ஸ்னாப்ரெய்டு சேர்த்தால், அந்த மீட்புக் கணக்கை வைத்திருக்கும் பாரிட்டி டிஸ்க் எல்லாவற்றிலும் பெரிய டிஸ்க்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆக அந்த 8 பாரிட்டிக்கே போய்விடும், மிஞ்சுவது 8 டிபி. பிடிஆர்எஃப்எஸ் தந்ததும் அதேதான். அந்தக் கணக்கைப் புதுப்பிக்கும் 'சிங்க்' கடைசியாக ஓட்டிய பிறகு வந்த ஃபைலுக்குப் பாதுகாப்பும் இல்லை. எடிட் முடிந்து இனி யாரும் தொடாத கல்யாண வீடியோவுக்கு இது அருமை. டிஸ்க் ஒன்று செத்தாலும் மற்றவற்றைக் கழற்றி எந்த லினக்ஸ் மெஷினிலும் படிக்கலாம்.

பல டிஸ்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி ஒரே டிஸ்க்காகக் காட்டும் எல்விஎம் லீனியர், முதல் டிஸ்க்கின் இடத்தை ஒதுக்கி முடித்த பிறகுதான் அடுத்ததற்குப் போகும். அது கோளாறு அல்ல, அதன் இயல்பு. 'பிவிமூவ்' கொண்டு நகர்த்தலாம். பேக்கப்புக்கு நான் சொல்லமாட்டேன்.

கண்டபடி அளவுகளில் ஒவ்வொன்றாக டிஸ்க் வாங்கும் ஸ்டுடியோவுக்கு பிடிஆர்எஃப்எஸ் ரெய்டு 1. ஜோடியாக வாங்க வசதியும், பில், கணக்கு, ரிப்போர்ட் என்று தினமும் மாறும் டேட்டாவும் உள்ள லேப், ஆலை அலுவலகத்துக்கு இசட்எஃப்எஸ். ஏற்கெனவே மெர்ஜர்எஃப்எஸ் வைத்திருப்பவர்கள் அதைக் கலைக்க வேண்டியதில்லை. ஆர்சிங்க் ஹார்டு லிங்க் பேக்கப்பை மட்டும் பூலிலிருந்து வெளியே எடுத்து, ஒரே டிஸ்க்கில் அதன் நேரடிப் பாதையில் எழுதவிட்டால் போதும்.