குடல் புற்றுநோய்த் தணிக்கை: எந்த எண்ணை நம்பலாம்?

இங்கிலாந்து, வேல்ஸ் மருத்துவமனைகளின் குடல் புற்றுநோய் ஆபரேஷன் முடிவுகளை எல்லாரும் பார்க்கத் தரும் தேசியத் தணிக்கைக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். அந்த அரை, புனல் வரைபடத்துக்காக.

அதில் ஒவ்வொரு மருத்துவமனையும் ஒரு புள்ளி. கீழே ஆபரேஷன் எண்ணிக்கை, பக்கவாட்டில் ஆபரேஷனுக்குப் பின் 90 நாளுக்குள் இறந்தோர் சதவீதம். வயது, நோயின் கட்டம், அவசர ஆபரேஷனா என்பதற்கெல்லாம் ஈடுகட்டிய சதவீதம் அது. தற்செயலாகவே அது எவ்வளவு ஏறி இறங்கலாம் என்று காட்டும் இரு கோடுகள்தான் புனல். இடப்பக்கம் புனல் அகலமாக இருக்கும். கேஸ் குறைந்த இடத்தில் ஓரிரு இறப்பே சதவீதத்தை எங்கோ கொண்டுபோய் விடும் என்பதுதான் காரணம்.

2013 முதல் இங்கிலாந்தில் சர்ஜன்வாரியாகவும் இறப்புக் கணக்கை வெளியிட்டார்கள். அங்கேதான் இடறுகிறது. ஒருவர் வருடத்துக்கு 5 மலக்குடல் கேஸ் செய்கிறார், 6 வருடத்தில் 30. இறப்பு வாய்ப்பு 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முப்பதிலும் ஓர் இறப்புகூட இல்லாமல் போக 40 சதவீத வாய்ப்பு உண்டு. இரு மடங்கு ஆபத்தான கைக்கும் அதே பூஜ்யம் 16 சதவீதம் வாய்க்கும்.

5 என்பது சும்மா எடுத்த எண் அல்ல. மலக்குடல் புற்றுக்கு, இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் ‘நைஸ்’ அமைப்பின் 2020 வழிகாட்டி கேட்பது வருடத்துக்கு மருத்துவமனைக்கு 10, சர்ஜனுக்கு 5. மாதம் ஒன்றுகூட இல்லை! ஜெர்மனியில் சான்று பெறும் மையத்துக்கு வருடத்துக்கு 20 வேண்டும்.

மலக்குடலுக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி? இடுப்பெலும்புக்குள் இடம் குறுகல். மலக்குடலைச் சுற்றிய கொழுப்பு உறையைக் கிழியாமல் முழுசாக எடுக்க வேண்டும். கிழிந்தால் புற்று அதே இடத்தில் திரும்பி வரலாம். வெளிப்பக்கம் கத்தி விலகினால் சிறுநீர், பாலுறவு நரம்புகள் போய்விடும். இது கைப்பழக்கம். பெருங்குடலில் எண்ணிக்கையின் தாக்கம் இவ்வளவு பளிச்சென்று தெரிவதில்லை.

கசிவு வேறு கதை. புற்றை வெட்டி எடுத்தபின் குடலின் இரு முனைகளையும் சேர்த்துத் தைத்த இணைப்பு யார் கையிலும் கசியலாம். மூன்றாம், நான்காம் நாள் சிஆர்பி (உடலில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இறங்காமல் நின்றால், அன்றிரவே சிடி ஸ்கேன் எடுத்து, சீழை வடிக்கவோ மறுபடி திறக்கவோ ஆள் இருக்கிறதா என்பதில்தான் உயிர் நிற்கிறது. மருத்துவமனையின் எண்ணிக்கை இங்கே பேசும்.

தணிக்கையில் நான் முதலில் திறப்பது 18 மாதம் கழித்தும் ஸ்டோமா பையோடு (வயிற்றில் திறந்த வழியாக மலம் சேரும் பை) இருப்போர் சதவீதம். இறப்பைவிட அடிக்கடி நேர்வதால் இந்த எண் அவ்வளவாக ஆடாது. ஆசனவாயை ஒட்டிய கட்டிக்கு நிரந்தரப் பைதான் சரியான சிகிச்சை என்பதால், அதைக் கழித்துப் படிக்க வேண்டும்.

சர்ஜனிடம் கேட்க வேண்டியது: “போன வருஷம் மலக்குடல் கேஸ் எத்தனை பண்ணினீங்க? ஞாயிறு ராத்திரி சிடி பார்க்க யார் இருப்பாங்க?”