ஈபி மீட்டரை ராஸ்பெர்ரி பையோட இணைக்க: லைட் சென்சாரா, பீஜெம் மாட்யூலா?

வீட்டுல எவ்வளவு கரண்ட் ஓடுதுன்னு ராஸ்பெர்ரி பைல (கையளவு சின்ன கம்ப்யூட்டர்) எப்படிப் பாக்குறதுன்னு காரைக்குடி பக்கம் பெரிய வீடு வச்சிருக்கவங்க நிறைய பேரு கேக்குறாங்க, அதான் எழுதுறேன்.

செலவு: லைட் சென்சார் மலிவு. பீஜெம்-004டி (PZEM-004T, வோல்டேஜ், கரண்ட், யூனிட்டை தானே அளக்குற சின்ன போர்டு) கூடுதல், த்ரீ ஃபேஸ்னா மூணு வாங்கணும்.

மாட்டுறது: மீட்டர்ல மினுக்குற சிவப்பு லைட்டு மேல சென்சாரை ஒட்டுனா போதும், சீலைத் தொடவே வேணாம், மீட்டர்ல 3200 இம்பல்ஸ்னு போட்டிருந்தா 3200 மினுக்கு ஒரு யூனிட்டு, ரெண்டு மினுக்குக்கு நடுவுல 1 செகண்டுன்னா 1125 வாட் ஓடுதுன்னு அர்த்தம். முகப்புல வெயில் படும்னா கறுப்பு டேப் சுத்துங்க. பீஜெம்முக்கு மெயின் வயர்ல காயில் (கரண்டை அளக்குற வளையம்) மாட்டி 230 வோல்ட்டும் குடுக்கணும், எலக்ட்ரீசியன் இல்லாம கை வைக்காதீங்க.

கரண்ட் போய் வந்தா: சென்சார்னா, ராஸ்பெர்ரி பை பூட் ஆகுற வரைக்கும் மினுக்கு எண்ணாம விட்டுப்போகும். பீஜெம் தன் மெமரிலயே யூனிட்டை வச்சிருக்கும்.

பில் யூனிட்டு மட்டும்னா சென்சார் போதும். மோட்டார் போடுறப்ப வோல்டேஜ் எவ்வளவு இறங்குதுன்னும் பாக்கணும்னா பீஜெம்தான்.