மாண்டூவா, இக்ராவா, சை-டிபியா? சேலத்திலும் ஏற்காட்டிலும் உள்ளுறை காசநோய்த் தொற்றுக்கு எந்தச் சோதனை

காசநோய்க் கிருமி உடம்புக்குள் புகுந்தும் நோயாக வெளிப்படாமல் அடங்கிக் கிடக்கும் நிலையைக் கண்டறிய இன்று மூன்று வழிகள் உள்ளன: முன்கையில் ஊசி போட்டுப் பார்க்கும் பழைய மாண்டூ, இரத்தத்தில் செய்யும் இக்ரா, மாண்டூவைப் போலவே தோலில் போடப்படும் புதிய சை-டிபி. இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. சேலம் நகரில் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும், ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் குடும்பத்துக்கும் ஒரே விடை பொருந்தாது.

மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. தொற்று அடங்கிக் கிடக்கிறதா, நோயாகவே மாறிவிட்டதா என்பதை இவற்றில் எதுவும் பிரித்துச் சொல்லாது. ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு போன்றவை இருந்தால் முதலில் செய்ய வேண்டியவை சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும்தான்.

மாண்டூவில் 0.1 மில்லி மருந்தைத் தோலின் மேலடுக்குக்குள் செலுத்தி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். பலரும் சிவப்பைக் காட்டி 'பாசிட்டிவா' என்று கேட்கிறார்கள். சிவப்பு கணக்கில் வராது. விரல் நுனியால் தடவித் தடிப்பின் விளிம்பைக் கண்டுபிடித்து, பேனாவால் இருபுறமும் குறித்து, கையின் குறுக்குவாட்டில் மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 5 மி.மீ., மற்றவர்களில் பெரும்பாலோருக்கு 10 மி.மீ. என்பது வழக்கமான எல்லை. செலவு குறைவு, ஆய்வகம் தேவையில்லை. ஆனால் இரண்டாவது வருகையில்தான் சோதனையே முடிகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, ஒரு நாள் கூலியை இழந்து ஊசி போட்டுக்கொண்டவர், மூன்று நாளுக்குள் இன்னொரு நாள் கூலியையும் இழந்து வருவார் என்று எதிர்பார்ப்பது எளிதல்ல. வராவிட்டால் போட்ட ஊசி வீண்.

மாண்டூவுக்கு எதிராக எப்போதும் சொல்லப்படும் காரணம், பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. தடுப்பூசி அதில் பொய்யான பாசிட்டிவ் காட்டும் என்பது. சிறு குழந்தைகளிடம் இது உண்மை. ஆனால் கைக்குழந்தைப் பருவத்தில் போட்ட பி.சி.ஜி.யின் விளைவு பத்து ஆண்டுகளுக்குப் பின் பெரும்பாலும் தேய்ந்துவிடுவதால், நாற்பது வயதுக்காரரின் 16 மி.மீ. தடிப்பை 'அது பி.சி.ஜி.தான்' என்று ஒதுக்குவது தவறு என்பேன்.

இக்ரா அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது, பி.சி.ஜி.யில் இல்லாத இசாட்-6, சி.எஃப்.பி.-10 என்ற புரதங்களுக்கு இரத்த அணுக்கள் காட்டும் எதிர்வினையை அது அளக்கிறது. குவான்டிஃபெரான் பிளஸ் வகையில் சாம்பல், பச்சை, மஞ்சள், ஊதா மூடியிட்ட நான்கு சிறு குழாய்களில் ஒவ்வொன்றிலும் சுமார் 1 மில்லி இரத்தம் எடுத்து, உட்சுவர் முழுதும் நனையும்படி பத்து முறை குலுக்க வேண்டும். நேரடியாக இக்குழாய்களில் எடுத்த இரத்தத்தை 16 மணி நேரத்துக்குள் 37 டிகிரி வெப்பப் பெட்டியில் வைத்தாக வேண்டும். நோயாளி ஒரு முறை வந்தால் போதும் என்று இதைப் புகழ்கிறார்கள். ஆனால் அவருக்குப் பதிலாக இரத்தம் நிரப்பிய சோதனைக் குழாய் மலையிறங்க வேண்டியிருக்கிறது. விலையும் மாண்டூவைப் போலப் பல மடங்கு. எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்களிடம் முடிவு பாசிட்டிவும் அல்ல, நெகட்டிவும் அல்ல என்று வருவதுண்டு, பாசிட்டிவ் என்று கொள்ளும் 0.35 என்ற எல்லையை ஒட்டி வரும் எண்கள் மறுமுறை சோதித்தால் மாறிப்போவதும் உண்டு.

சை-டிபி இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இக்ராவில் உள்ள அதே இரு புரதங்களைத் தோலில் போட்டு, அதே 48 முதல் 72 மணி நேரத்தில் பார்த்து, 5 மி.மீ. தடிப்பை அனைவருக்கும் ஒரே எல்லையாகக் கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இவ்வகைத் தோல் சோதனைகளை ஏற்றுக்கொண்டது. பி.சி.ஜி. குழப்பம் தீர்கிறது, இரண்டாவது வருகை தீரவில்லை.

மலைக் கிராமங்களுக்கு என் தேர்வு சை-டிபி. ஆனால் ஊசி போட்ட செவிலியரே மூன்றாம் நாள் தோட்டக் குடியிருப்புக்குப் போய் அளந்து வர ஏற்பாடு இருந்தால் மட்டும். மருந்தும் ஊசியும் 2 முதல் 8 டிகிரி குளிரில் மேலே போவது, இரத்தம் நேரத்துக்குள் கீழே வருவதைவிட எளிது. அந்த மருந்து கிடைக்காத இடத்தில் பெரியவர்களுக்கு மாண்டூ போதும். சேலம் நகரில் மூட்டுவாதத்துக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் உயிரியல் மருந்து தொடங்கவிருப்பவர், டயாலிசிஸ் நோயாளி ஆகியோருக்கு ஆய்வகம் அருகிலேயே இருப்பதால் இக்ராவையே விரும்புவேன். உயிரியல் மருந்து தொடங்குவதற்கு முன்பே இச்சோதனையை எடுப்பது முக்கியம்.

காசநோயாளியின் வீட்டில் உள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும், எச்.ஐ.வி. உள்ளவருக்கும் நோய் இல்லை என்று உறுதியானால், இந்திய வழிகாட்டுதலின்படி இச்சோதனைகள் எதுவும் இல்லாமலே தடுப்பு மாத்திரையைத் தொடங்கலாம்.