விஸ்காம்: கேமராவை நம்பிச் சேராதீர்கள்

சென்னையில் ஒரு கல்லூரியில் மூன்று வருஷம் விஷுவல் கம்யூனிகேஷன் படித்தேன். பெயர் வேண்டாம். வகுப்பில் நாற்பது பேர், ஓடுகிற கேமரா இரண்டு. வெளியே எடுத்துப்போக மூன்று கையெழுத்து வாங்க வேண்டும். மூன்றாவது கிடைப்பதற்குள் வெயில் இறங்கிவிடும். முதல் செமஸ்டர் முழுக்க பென்சிலும் சார்ட் பேப்பரும்தான். கடுப்பாக இருந்தது, ஆனால் ஃப்ரேம் கண்ணுக்குப் பழகியது அதில்தான்.

ஒலிப்பதிவு அறை மட்டும் சொத்து. 'ப' வந்தாலே என் மைக்கில் புஸ்ஸென்று காற்று அடிக்கும். மைக்குக்கு நேராகப் பேசாமல் சற்றே பக்கவாட்டில் பேசச் சொன்னார் அங்கிருந்த அண்ணன். 'பழைய பேப்பர் பத்து ரூபாய்' என்று சொல்லிச் சொல்லியே பழகினேன்.

அப்புறம் இதழியல் தாள். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தை எங்கள் மேடம் பாடமாக நடத்தவில்லை. ஆளுக்கொரு மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பச் சொன்னார். பதில் தர 30 நாள் கெடு. எங்கள் தெருவிளக்கு பற்றிய பதில் 27-ஆம் நாள் வந்தது. விளக்கு எரிகிறதாம், காகிதத்தில்!

சேர்வதானால் கேமரா வாடகைக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள்.