இடது பக்கப் படத்தில் இருப்பது எங்கள் வீட்டுக் குளம்

சென்ற வாரம் சிட்னியின் வென்ட்வர்த்வில்லில் இருக்கும் நண்பர் ஒருவர் விளம்பரம் ஒன்றை அனுப்பி, “நீச்சல் குளத்தைத் துப்புரவு செய்ய இவரைக் கூப்பிடலாமா?” என்று கேட்டிருந்தார். விளம்பரத்தில் இரண்டு படங்கள். இடது பக்கம் பாசி பிடித்துக் கரும்பச்சையாகக் கிடக்கும் குளம். வலது பக்கம் அடி தெரியும் நீலத் தண்ணீர். ‘பச்சையிலிருந்து நீலம், இரண்டே நாளில்’ என்று மேலே பெரிய எழுத்து. வலது பக்கக் குளம் யாருடையதோ தெரியாது. இடது பக்கக் குளம் எங்களுடையது. மூலையில் மாமாவின் கறிவேப்பிலைப் பூச்சாடி நிற்கிறது.

நிறுவனத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் மாறியிருக்கின்றன. ஆள் அதே ஆள். பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் அடுத்த மாதம் அது வேறாகியிருக்கும். அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டூங்காபியில் பழைய வீடு ஒன்றை வாங்கினோம். பின்வளவில் 8 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் கொண்ட ஃபைபர் கிளாஸ் குளம். வாடகைக்கு இருந்தவர்கள் போனபின் ஒன்றரை வருடம் வீடு பூட்டிக் கிடந்தது. அந்தக் காலம் முழுவதும் வேலிக்கு அப்பால் நிற்கும் யூகலிப்டஸும் ஜக்கரண்டாவும் தங்கள் உதிர்வையெல்லாம் அதற்குள்தான் கொட்டியிருந்தன. இறங்கும் படிகளில் இரண்டாவது படிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. தவளைகள் மட்டும் சந்தோஷமாக இருந்தன.

விற்பனை ஒப்பந்தத்தோடு குளத்துக்கான சான்றிதழ் இருந்ததால் நான் கவலைப்படவில்லை. பிறகுதான் புரிந்தது, அது குளத்துக்கான நற்சான்று அல்ல, வேலிக்கானது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் குழந்தைகள் தவறி விழாதபடி 1.2 மீற்றர் உயரத் தடுப்பு இருக்கிறதா, கதவு தானாகச் சாத்திக்கொள்கிறதா என்பவற்றைத்தான் பார்த்து அதைக் கொடுக்கிறார்கள். உள்ளே கிடப்பது தண்ணீரா சேறா என்று அதில் ஒரு வரியும் இல்லை.

குளத்தைத் துப்புரவு செய்ய வந்தவர் நன்றாகப் பேசினார். நெஞ்சில் சின்னம் தைத்த சட்டை, கையில் அச்சடித்த விலைப்பட்டியல். 850 டொலர், பாதி முன்பணம், இரண்டு நாள் வேலை. குளத்தின் நீள அகலத்தை அவர் அளக்கவில்லை. பம்பின் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. வடிகட்டிக்குள் மணல் எப்போது மாற்றியது என்று கேட்கவில்லை. மூன்று நிமிடம் கரையில் நின்றார், விலை சொன்னார். நான் அதைத் தொழில் அனுபவம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் காலை வந்ததும் நான்கு கலன் திரவக் குளோரினை அப்படியே ஊற்றினார். மணம் தெருவரை போனது. இது வீண் வேலை என்பதைப் பின்னால் வந்தவர்தான் விளக்கினார்: அடியில் இலை மக்கிக் கிடக்கும்வரை ஊற்றுகிற குளோரின் எல்லாம் அந்த இலைக்கே தீனியாகிவிடும், பாசிக்கு மிச்சம் இருக்காது. முதலில் ஆழமான வலையால் இலையை அள்ளிக் கரையேற்ற வேண்டும். அது முதுகு முறியும் வேலை, அரை நாள் எடுக்கும். நம்மவர் அதைத் தொடவே இல்லை. நேராக உறிஞ்சும் தலையை நீண்ட கம்பில் மாட்டி இலைக் குவியலுக்குள் இறக்கிவிட்டார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று இங்கேதான் கண்ணுக்குத் தெரியும். மணல் வடிகட்டியின் மேலே, அல்லது பக்கத்தில், கைப்பிடியோடு ஒரு வால்வு இருக்கும். பெரும்பாலும் அதில் ஆறு நிலைகள். ‘பில்டர்’ என்ற நிலையில் வைத்து உறிஞ்சினால், அடியிலிருந்து வரும் அழுக்கு மணலுக்குள் போய், தண்ணீர் குளத்துக்குத் திரும்பும். ‘வேஸ்ட்’ என்ற நிலையில் மணலைத் தொடாமல் எல்லாம் நேரே வெளியே போகும். இலேசான தூசிக்கு முதலாவது போதும். ஒன்றரை வருடச் சேற்றுக்கு இரண்டாவதைத் தவிர வழியில்லை. அவர் கைப்பிடியைத் திருப்பவே இல்லை. செத்த பாசி மாவு போன்றது. பாதி மணலை அடைத்தது, மீதி மணலுக்குள் நுழைந்து மறுபக்கத் துவாரங்களால் குளத்துக்கே புகைபோல வந்துகொண்டிருந்தது. ஒரு மூலையில் உறிஞ்சி இன்னொரு மூலையில் கொட்டுகிற வேலைக்கு நான் தேநீர் வேறு போட்டுக் கொடுத்தேன்.

மதியத்துக்குப் பிறகு பம்பின் சத்தம் மாறியது. இலை வளைந்த குழாயில் அடைத்து, தண்ணீர் வராமல் பம்ப் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. மூடி சுட்டது. “பழைய பம்ப், எங்கள் பொறுப்பு இல்லை” என்றார்.

மறுநாள் காலை வந்து புதிய திட்டம் சொன்னார். இந்தத் தண்ணீரை உறிஞ்சித் தீராது. முழுவதையும் இறைத்து, அடியைக் கழுவி, புதுத் தண்ணீர் விட வேண்டும். அதற்கு இன்னும் 600 டொலர், இப்போதே. எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் நாங்கள் அப்படித்தானே செய்தோம்? கிணறு பழுதானால் ஊற்றுக் கண் தெரியும்வரை இறைத்து, இறங்கிச் சேறு வாரி, கட்டைத் தேய்த்து விட்டால் அடுத்த நாள் தெளிந்த நீர். மாமாவிடம் அதையே சொன்னேன்.

மாமா வானத்தைப் பார்த்தார். ஒரு கிழமையாக மழை. வளவில் கால் வைத்தால் புதைந்தது.

“தம்பி, மாரியில் யாராவது கிணறு இறைப்பார்களா?” என்றார்.

“இது கிணறு இல்லை மாமா, பிளாஸ்ரிக் தொட்டி” என்றேன். கிணற்றை உதாரணம் காட்டியதும் நான்தான், கிணறு இல்லை என்றதும் நான்தான். 600 டொலரை அனுப்பினேன்.

பத்து மணிக்கு மூழ்கும் மோட்டரை இறக்கி, குழாயைத் தெருவோரக் கானுக்கு நீட்டிவிட்டு, “வேறு ஓர் இடத்தில் வேலை இருக்கிறது, நான்கு மணிக்கு வருகிறேன்” என்று போனார். அதுதான் அவரை நாங்கள் கடைசியாகக் கண்டது.

ஒன்றரை மணியளவில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்திருந்தபோது பின்வளவில் ‘டம்’ என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஆழமான பக்கத்தின் அடித்தளம் வயிறுபோல மேலே உப்பியிருந்தது. கரையில் பதித்த கற்களில் மூன்று வெடித்து, குளத்துக்கும் கல்லுக்கும் இடையில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. நான் மோட்டரை நிறுத்துவதற்குள் மாமா தோட்டக் குழாயை உள்ளே போட்டுத் திறந்துவிட்டார். குளத்தைக் காப்பாற்றியது அவர் கைதான்.

நடந்தது இதுதான். சராசரி ஆழம் 1.4 மீற்றர் என்று வைத்தால் அந்தக் குளத்தில் ஏறத்தாழ 45,000 லீற்றர், அதாவது 45 தொன் எடை. அந்த எடைதான் மெல்லிய ஃபைபர் தொட்டியை மண்ணோடு அழுத்தி வைத்திருக்கிறது. களிமண் நிலம் மழையில் ஊறி, நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீரை எடுத்தால், தொட்டி தோணியாகிவிடும். கீழிருந்து வரும் நீர் அதைத் தூக்கும். கொங்கிறீற் குளம்கூட இப்படி எழும்பும். சிட்னியில் பதிவான ஆண்டுகளிலேயே அதிக மழை பெய்த ஆண்டு 2022. ஒரு குளத்தை இறைக்க அதைவிட மோசமான வருடத்தை எங்களால் தெரிந்தெடுத்திருக்க முடியாது.

முப்பதாயிரம் லீற்றரைத் தோட்டக் குழாயால் நிரப்ப 28 மணி நேரம் எடுத்தது. இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் குடை பிடித்துக்கொண்டு போய் அளவு பார்த்தோம். உப்பல் பெரும்பாலும் அமர்ந்தது. காலுக்குத் தட்டுப்படுகிற மேடு ஒன்று இன்னும் இருக்கிறது.

அடுத்த நாள் மாநகர சபையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தெருக் கானில் பச்சைத் தண்ணீரும் குளோரின் மணமும் ஓடியதை யாரோ அறிவித்திருந்தார்கள். அந்தக் கான் மழைநீருக்கானது. எங்கள் பக்கத்தில் அது டூங்காபி ஓடைக்குப் போய், அங்கிருந்து பரமட்டா ஆற்றில் சேர்கிறது. குளத்து நீரைக் கழிவுநீர்க் குழாயில்தான் விட வேண்டும். குழாயை நீட்டியது அந்த ஆள் என்றாலும் வீடு என்னுடையது. எச்சரிக்கையோடு விட்டார். குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டேன்.

அந்த ஆளின் தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. விலைப்பட்டியலில் இருந்த 11 இலக்க வணிக எண்ணை அரசாங்கத்தின் பொதுப் பதிவேட்டில் தேடினேன். எவரும் இலவசமாகத் தேடலாம், ஒரு நிமிட வேலை. பதிவு முன்பே இரத்தாகியிருந்தது. பணம் அனுப்புவதற்கு முன் அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை. சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று இந்த நாட்டு நுகர்வோர் சட்டம் சொல்கிறது, புகாரும் கொடுத்தேன். முகவரி இல்லாத ஆளின் மேல் சட்டம் எங்கே போய் நிற்கும்? 1,025 டொலர் போனது போனதுதான்.

இரண்டாவதாக வந்தவர் வயதான கிரேக்கர். முதலில் பம்பின் மூடியை ஒரு குச்சியால் தூக்கிப் பார்த்தார். செம்முதுகுச் சிலந்தி அங்கேதான் குடியிருக்குமாம். அடியில் கிடக்கும் கறுப்புச் சிலந்தியைச் செத்தது என்று நினைத்துக் கையில் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். சிட்னியின் நச்சுப் புனல்வலைச் சிலந்தி நீருக்குள் ஒரு நாள்வரைகூட உயிரோடு கிடக்கும்.

வலையால் மட்டும் 14 பை இலை அள்ளினார். பிறகு ஒரு தூளைக் கரைத்து ஊற்றி, பம்பை நிறுத்தி, இரவு முழுவதும் யாரும் தண்ணீரைத் தொடக் கூடாது என்றார். மாமா தூளின் பெயரைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். படிகாரம். ஊரில் கலங்கிய நீருக்குப் போடுகிற அதே படிகாரம். காலையில் மேலே தெளிந்திருந்தது, அடியில் சாம்பல் நிறப் படிவு. கைப்பிடியை ‘வேஸ்ட்’ நிலைக்கு, பம்ப் நின்றிருக்கும்போது மட்டும், திருப்பினார். கழிவுநீர் வாய்க்குக் குழாய் போட்டார். உறிஞ்சு குழாயைத் தண்ணீரால் நிரப்பிக் காற்றை வெளியேற்றிய பிறகே மாட்டினார். அப்புறம் சேலைக்கு இஸ்திரி போடுவதுபோல, அவசரமில்லாமல், வரிவரியாக இழுத்தார். வேகமாக இழுத்தால் படிவு கலங்கி மேலே வந்துவிடும். மறுபடி ஓர் இரவு காத்திருக்க வேண்டும். நீர் மட்டம் குறையக் குறைய மறுபக்கம் குழாயில் புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று முறை, ஐந்து நாள். அடைத்த குழாயைத் திறந்ததும் வடிகட்டி மணலை மாற்றியதும் சேர்த்து 1,930 டொலர்.

நண்பரின் செய்தியை மனைவியிடம் காட்டினேன். அவர் தன் தொலைபேசியிலிருந்து அந்தப் புது எண்ணுக்கு அழைத்து, டூங்காபி என்று சொல்லாமல், எட்டுக்கு நான்கு ஃபைபர் குளம், நிறைய இலை, என்ன செய்யலாம் என்று கேட்டார். அதே குரல், அதே கனிவு.

“உறிஞ்சித் தீராது அம்மா. முழுவதையும் இறைத்துவிட்டால் இரண்டு நாளில் முடிந்துவிடும். பாதிப் பணத்தை மட்டும் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.”