முதல் கார்ட்டிங் சீசன்: வாடகை வண்டியா, டீம் ஸீட்டா, சொந்த கார்ட்டா?

கார்ட் எனப்படும் சின்னத் திறந்த பந்தய வண்டியில் போட்டிக்கு இறங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "ஒரு சீசனுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்றுதான். சில ஆயிரங்களிலும் முடிக்கலாம், பல லட்சங்களையும் கரைக்கலாம். அதனால் மொத்தத் தொகையை வைத்து ஒப்பிட்டால் எதுவும் விளங்காது. டிராக்கில் வண்டி ஓடும் ஒரு மணிநேரத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். முதல் வருடத்தில் ஓட்டுகிறவரை வளர்ப்பது அந்த மணிநேரங்கள்தான். இந்தக் கட்டுரையில் மூன்று வழிகளையும் அந்த அளவுகோலால்தான் அளக்கப்போகிறேன்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. சென்னையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டை வளாகத்தில் சுமார் 1.2 கிலோமீட்டர் நீளத்தில் மிகா கார்ட்டிங் டிராக் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. கொஞ்சம் தள்ளிப் போனால் பெங்களூருவில் மெகோ கார்ட்டோபியா. எல்லோரும் ரோட்டாக்ஸ் கம்பெனி எஞ்சினிலேயே ஓடும் தேசிய அளவிலான ரோட்டாக்ஸ் மேக்ஸ் போட்டிகள் இந்தப் பக்கத்தில்தான் அதிகம் நடந்திருக்கின்றன. வடக்கே இருந்து வருகிறவர் விமான டிக்கெட்டுக்கும் ஓட்டலுக்கும் கொடுக்கிற பணத்தில் நாம் டயர் வாங்கிவிடலாம்.

வாடகை கார்ட் லீக்

வாடகை கார்ட்களில் பெரும்பாலும் 4 ஸ்ட்ரோக் எஞ்சின் இருக்கும். ஹோண்டா ஜிஎக்ஸ்200, ஜிஎக்ஸ்270 போன்றவை. ஜிஎக்ஸ்270 என்றால் ஏறக்குறைய 9 குதிரைத் திறன். சுற்றிலும் பம்பர், கல் மாதிரி டயர், கனமான வண்டி. டிராக்கே வண்டி, ஹெல்மெட், பெட்ரோல், மெக்கானிக் எல்லாம் கொடுத்துவிடுகிறது. ஒரு செஷனுக்கு ஊரையும் வண்டியையும் பொறுத்துச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகும். சம்பளக்காரர் கைக்காசில் சமாளிக்கக்கூடியது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். லீக்கில் ஒரு ரவுண்டுக்குத் தகுதிச் சுற்றும் பந்தயமும் சேர்ந்து அரைமணி நேரம் ஓட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு ரவுண்டுக்கு மூன்று மணிநேரம். இது போதவே போதாது. ஆனால் இங்கே மணிநேரம் மலிவு என்பதால், மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் தனியாகப் போய்ப் பழகினால் வருடத்துக்குள் பதினைந்து மணிநேரத்தைத் தொட்டுவிடலாம். வண்டி உடைந்தால் பெரும்பாலும் டிராக்கின் பாடு. வேண்டுமென்றே இடித்தால் மட்டும் அபராதம் கேட்பார்கள். ஒரு சீசனுக்கு ஆகும் செலவை முன்கூட்டியே துல்லியமாகச் சொல்ல முடிகிற ஒரே வழி இதுதான்.

குறையும் இருக்கிறது. ஒரே கம்பெனி வண்டிகள் என்றாலும் ஒன்று பறக்கும், இன்னொன்று இழுக்காது. அதனால் ரவுண்டுக்கு ரவுண்டு குலுக்கல் போட்டு வண்டியைக் கொடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அப்புறம் எடை. 9 குதிரைத் திறன் வண்டியில் 60 கிலோ ஆளும் 85 கிலோ ஆளும் ஒன்றாக நின்றால், நேர்க்கோட்டில் ஒல்லியானவர் போய்க்கொண்டே இருப்பார். எடைக்கட்டி போட்டுச் சமன்செய்யும் லீக் கிடைத்தால் கொஞ்சம் கட்டணம் கூடினாலும் அதையே பிடியுங்கள். மற்றபடி முந்துவது, தற்காப்பது, முதல் வளைவில் நெரிசலில் தப்புவது, வேகத்தை வீணாக்காமல் வளைவை எடுப்பது எல்லாவற்றையும் இதிலேயே கற்றுக்கொள்ளலாம். குறைந்த சக்தியுள்ள வண்டியில் ஒரு வளைவில் தப்புச் செய்தால் அடுத்த நேர்க்கோடு முழுக்க அதன் விலையைக் கொடுக்க வேண்டும். பாடம் படிக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

டீமிடம் ஸீட்

இங்கே ஆட்டமே மாறுகிறது. ரோட்டாக்ஸ் போட்டியின் சீனியர் மேக்ஸ் பிரிவில் ஓடுவது 125 சிசி, தண்ணீரால் குளிரும் 2 ஸ்ட்ரோக் எஞ்சின். ஏறக்குறைய 30 குதிரைத் திறன். வண்டிக்கு சஸ்பென்ஷன் கிடையாது, கோடு வெட்டாத, பிடிப்பான ஸ்லிக் டயர், மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். வாடகை கார்ட்டில் கைதேர்ந்தவரும் இதில் பத்து நிமிடத்தில் முன்கை இறுகி, விலா நோக இறங்குவார்.

டீமுக்குப் பணம் கட்டினால் வண்டி, எஞ்சின், மெக்கானிக், டென்ட், கருவிகள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நாம் ஹெல்மெட்டோடு போய் உட்கார்ந்தால் போதும். தேசியத் தொடர் என்றால் இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ உரிமம் எடுக்க வேண்டும். அதற்கு மருத்துவச் சான்று, சிறுவர் என்றால் பெற்றோர் ஒப்புதல். ஒரு ரவுண்டில் பயிற்சி, தகுதிச் சுற்று, பந்தயங்கள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இரண்டு மணிநேரம் ஓட்டுவோம் என்று வைத்தால், ஐந்து ரவுண்டுக்குப் பத்து மணிநேரம். செலவு லட்சங்களில் வரும். மணிநேரக் கணக்கில் மூன்று வழிகளிலும் விலை அதிகம் இதுதான் என்று தோன்றும். சொந்த வண்டிக் கணக்கைப் பார்க்கும்வரை அந்தத் தீர்ப்பை ஒத்திவையுங்கள்.

பல டீம்கள் "ஒரு ரவுண்டுக்கு இவ்வளவு" என்று ஒரே தொகையாகச் சொல்வார்கள். அந்தத் தொகைக்குள் என்ன இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். முக்கியமாக மூன்று விஷயம்: டயர், நுழைவுக் கட்டணம், சேதம். பெரும்பாலான தொடர்களில் தகுதிச் சுற்றிலிருந்து இறுதிப் பந்தயம்வரை ஒரே டயர் செட்தான், அதுவும் குறியிட்டுக் கொடுப்பார்கள். அப்படியென்றால் ஐந்து ரவுண்டுக்கு ஐந்து புது செட், அதற்கு மேல் ஒரு மழை டயர் செட். சென்னையில் அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை ஒரு ரவுண்டு இருந்தால் மழை டயரைத் தவிர்க்கவே முடியாது. சேதத்தில்தான் சண்டை வரும். அடுத்தவர் வந்து இடித்தாலும் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் வளைந்தால் பில் நம் பேரில் வரும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சில், ஸ்டியரிங் தண்டு, பின் ஆக்சில் எல்லாம் ஒரே மோதலில் போகக்கூடியவை. புதிதாக ஓட்டுகிறவர் இதற்கென்று மொத்த பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கி வைப்பது நல்லது.

ஆனால் டீமில் கிடைக்கும் ஒன்று வேறெங்கும் கிடைக்காது. வண்டியை விட்டு இறங்கியதும் ஓட்டத்தைப் பதிவுசெய்யும் டேட்டா லாகரை எடுத்து, டீமின் வேகமான பையன் எந்த இடத்தில் பிரேக் விடுகிறான், நாம் எங்கே விடுகிறோம் என்று ஒரே திரையில் இரண்டு கோடுகளாகக் காட்டுவார்கள். கேள்வி கேட்கிறவருக்கு அந்த அரைமணி நேரமே கட்டின பணத்துக்கு ஈடு.

சொந்த கார்ட்

எல்லோருக்கும் ஆசை இதில்தான். பழைய வண்டி ஒன்று விலைக்கு வருகிறது, டீமுக்கு இரண்டு மூன்று ரவுண்டுக்குக் கொடுக்கிற பணத்தில் வண்டியே வீட்டுக்கு வந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். வாங்கும் விலையை மட்டும் பார்த்தால் உண்மைதான்.

பழைய வண்டியைப் பார்க்கப் போனால் பெயின்ட்டையும் ஸ்டிக்கரையும் விட்டுவிட்டு முதலில் காலடித் தகடான ஃபுளோர் டிரேயைக் கழற்றச் சொல்லுங்கள். கோவையில் ஒரு மெக்கானிக் அண்ணன் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வண்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அடிக்குழாய்களை விரலால் முழுக்கத் தடவிக்கொண்டே போனார். "இங்க கை வச்சுப் பாருங்க தம்பி, குழாய் உருண்டையா இல்ல, தட்டையாயிருச்சு. டிராக் ஓரத்துல இருக்கிற கெர்ப்ல ஏறி ஏறித் தேஞ்சது. இது எவ்வளவு நாள் தாங்கும்னு யாராலயும் சொல்ல முடியாது." அடுத்து ஸீட்டைத் தாங்கும் கம்பிகள் சேருமிடத்தில் வெல்டிங்கில் விரிசல் உண்டா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். எஞ்சின் பக்கம் போனது கடைசியில்தான்.

ரோட்டாக்ஸ் எஞ்சின் சீல் வைத்து வரும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் மட்டுமே திறக்கலாம். சீல் எண் எழுதிய அடையாள அட்டை எஞ்சினோடு இருக்க வேண்டும். அட்டையில் உள்ள எண்ணும் சீலில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஏறக்குறைய 50 மணிநேரம் ஓடினால் முழு ஓவர்ஹால் என்பது பொதுவான கணக்கு. பிஸ்டன், கனெக்டிங் ராட், பேரிங் எல்லாம் மாறும். பயிற்சியும் சேர்த்து வருடத்துக்கு 20 மணிநேரம் ஓட்டுவீர்கள் என்றால், 10 மணிநேரம் ஓடிய எஞ்சின் உங்கள் சீசனைத் தாண்டிவிடும். 45 மணிநேரம் ஓடியது விலை குறைவாகக் கிடைத்தாலும், ஓவர்ஹால் செலவு இரண்டாவது ரவுண்டுக்குள் உங்கள் தலையில் விழும்.

ஓடுகிற செலவில் பெட்ரோல் பெரிய விஷயமில்லை. 50-க்கு 1 என்று ஆயில் கலப்பதாக இருந்தால் 10 லிட்டருக்கு 200 மில்லி. செயின், ஸ்பிராக்கெட், பிரேக் பேட், பிளக், பேட்டரி ஆகியவை சின்னச் சின்னதாகக் கடிக்கும். பெரிய செலவு வேறிடத்தில். வண்டியைச் சாலையில் ஓட்டிப்போக முடியாது, ஒவ்வொரு முறையும் டாடா ஏஸ் மாதிரி ஏதாவது பிடிக்க வேண்டும். சென்னைக்காரருக்குக் கோவையில் ஒரு ரவுண்டு என்றால் போக மட்டும் ஐந்நூறு கிலோமீட்டர். மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இருப்பவர் வண்டியை எங்கே வைப்பார்? பந்தயத்தன்று டயர் பிரஷர் பார்த்து, செயினை இழுத்துக் கட்டி, ஸ்பிராக்கெட் மாற்றி, தானே ஓட்டவும் செய்வது ஒரு ஆளால் ஆகாது. நல்ல மெக்கானிக்கை நாள் கூலிக்கு வைத்தால் டீம் செலவின் ஒரு பகுதி மறுபடி நம் தலையில் வந்துவிட்டது.

இனி மணிநேரக் கணக்கு. வாங்கின விலையிலிருந்து விற்கும் விலையைக் கழித்தால் வருவது வண்டி தின்ற பணம். அதோடு ஓவர்ஹால், டாடா ஏஸ் வாடகை, மெக்கானிக் கூலி, கருவிகள் எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஐந்து ரவுண்டு மட்டும் ஓட்டினால் பத்து மணிநேரத்தில் அத்தனையையும் பிரிக்க வேண்டும். அப்போது டீம் ஸீட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், சமயத்தில் தாண்டியும் போகும். வார இறுதிகளில் பழகப் போய் முப்பது மணிநேரம் ஓட்டினால் வண்டி தின்ற பணம் ஒரு மணிநேரத்துக்கு மூன்றில் ஒன்றாகக் குறைகிறது, பழைய டயரிலேயே பழகலாம் என்பதால் டயர் செலவும் அதிகரிக்காது. ஆக, டிராக்குக்கு அடிக்கடி போகக்கூடிய ஊரில், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஆள் கூடவே இருந்தால்தான் சொந்த கார்ட் லாபம்.

எந்த வழியானாலும் வாங்க வேண்டியவை

ஹெல்மெட்டிலும் விலாக் கவசத்திலும் மிச்சம் பிடிக்காதீர்கள். கார்ட்டில் சீட் பெல்ட் கிடையாது, கவிழ்ந்தால் ஆள் வெளியே போய்த் தாரில் உரசுவார். அதனால் கார்ட் சூட் உரசலைத் தாங்கும்படி தைத்திருப்பார்கள். கார் பந்தய சூட் தீயைத் தாங்குவதற்கானது. நண்பர் இலவசமாகக் கொடுத்தாலும் அது இதற்கு உதவாது. விலாக் கவசம் வாடகை கார்ட்டுக்கே பயன்படும், முதல் மாதத்திலேயே வாங்குங்கள். உரிமம் உள்ள போட்டியில் எந்தத் தர முத்திரை உள்ள ஹெல்மெட்டை ஏற்கிறார்கள் என்று விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் இரண்டாவது முறை வாங்கத் தேவையில்லை.

யாருக்கு எது

வேலைக்குப் போகிற, இருபதுகளிலோ முப்பதுகளிலோ இருக்கிற ஒருவர் என்னைக் கேட்டால் தயங்காமல் சொல்வேன்: வருடம் முழுக்க வாடகை லீக், நடுவில் ஒரு டீமிடம் இரண்டு மூன்று டெஸ்ட் நாள் (போட்டியில்லாமல் அவர்கள் வண்டியில் பழகும் நாள்), கடைசியில் பணம் மிஞ்சினால் ஒரே ஒரு ரோட்டாக்ஸ் ரவுண்டு. டீமில் முழு சீசனுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதிதான் ஆகும், ஓட்டும் நேரமோ அதைவிட அதிகம். அந்த டெஸ்ட் நாளில் உடம்பு தாங்குகிறதா, மனசு ஒட்டுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டு நண்பர்கள், ஒருவருக்குப் பட்டறை அனுபவம், குடியிருப்பது டிராக்குக்குப் பக்கத்து ஊர் என்றால் சொந்த கார்ட்டைப் பங்கு போட்டு வாங்கலாம். ஒருவர் பந்தயத்தில் வண்டியை இடித்து வளைத்தால் யார் கட்டுவது என்பதை வாங்கும் நாளிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

சிறுவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. நேராக டீம்தான். பெரியவர்களுக்கான வாடகை கார்ட் அவர்கள் காலுக்கும் எடைக்கும் பொருந்தாது. பிள்ளை வளர வளரப் பிரிவு மாறும், எஞ்சின் மாறும், சேசிஸ் என்கிற வண்டிச் சட்டத்தின் அளவும் மாறும். இந்த வருடம் வாங்கின வண்டி இரண்டு வருடத்தில் சின்னதாகிவிடும். ஹெல்மெட்கூடக் குழந்தைகளுக்கென்று எடை குறைவாகச் செய்ததையே போட வேண்டும், சின்னக் கழுத்து பெரியவர் ஹெல்மெட்டின் கனத்தைத் தாங்காது. டீமைத் தேர்ந்தெடுக்கும்போது பையன் எத்தனையாவதாக வருவான் என்று கேட்காமல், ஒரு டெஸ்ட் நாளில் எத்தனை லேப் ஓட விடுவீர்கள், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பது யார் என்று கேளுங்கள்.